மருந்து அடிக்க முன் ஒரு படம்: அந்துப்பூச்சியையும் வண்ணத்துப்பூச்சியையும் இனங்காண்போம்

"வாப்பா, இஞ்ச பாருங்க, லைட்டடியில ஒரு பூச்சி. சோளத்துக்கு வந்த அந்தச் சேனாதானா இது?"

மகள் கேட்கிறாள். தகப்பன் குனிந்து பார்க்கிறார். கபில நிறம், சிறகுகளை முதுகின்மேல் கூரைபோல மடித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. "அதுவாத்தான் இருக்கும் புள்ள. விடியக் கடைக்குப் போய் மருந்தெடுத்து வாறன்" என்கிறார்.

அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், அக்கரைப்பற்று என்று எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சு இது. இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். பூச்சியின் பெயர் இன்னும் தெரியவில்லை; ஆனால் மருந்து வாங்குவது முடிவாகிவிட்டது.

ஒரே வயலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவருக்கு அந்த வயலின் பூச்சி புழுக்களும் பழக்கமானவை. எந்த மாதத்தில் எது வரும், எது தானாகப் போகும் என்பதை மூத்தவர்கள் வரம்பில் நின்றே சொல்லிவிடுவார்கள். போரினாலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியினாலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இந்தத் தொடர்பு அறுந்துபோயிற்று. வேறு மண்ணில், வேறு பயிரில் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. நெல் செய்தவர் சோளம் செய்கிறார். குத்தகைக் காணியில் முதன்முறையாகத் தோட்டப்பயிர் நடுகிறார். கடன்பட்டு விதைத்த பயிரில் தெரியாத பூச்சி ஒன்றைக் கண்டால் பயம் வருவது இயல்பே. அந்தப் பயத்தில் அடிக்கும் மருந்து பல வேளைகளில் வீண் செலவாகிறது. சில வேளைகளில் நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று புதிய பீடையையும் அழைத்து வருகிறது.

இன்று அநேக வீடுகளில் கமெராவுள்ள கைத்தொலைபேசி ஒன்றாவது இருக்கிறது. அதைக் கொண்டு ஒரு பூச்சியின் பெயரை அறிவது எப்படி, படம் நம்மை எங்கே ஏமாற்றும் என்பவற்றை இங்கு பார்ப்போம்.

2018இல் வந்த பாடம்

சேனா என்று நம் நாட்டில் பெயர்பெற்ற படைப்புழு, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2018 மே மாதத்தில் இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் காணப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையில் பரவியபோது முதலில் தாக்கப்பட்ட மாவட்டங்களில் நமது அம்பாறையும் ஒன்று. 2018/19 பெரும்போகத்தில் சோளம் செய்த குடும்பங்கள் பெரும் நட்டமடைந்தன. இதன் அந்துப்பூச்சி காற்றின் உதவியோடு ஒரே இரவில் சுமார் 100 கிலோமீற்றர் பறக்க வல்லது. சோளமே இதற்கு மிகவும் பிடித்த உணவு. ஆயினும் நெல், கரும்பு உட்பட 80க்கும் மேற்பட்ட பயிர்களை உண்ணக்கூடியது.

அப்படியொரு புழு வந்துபோன பின்னர், கபில நிறப் பூச்சியெல்லாம் சேனாவாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் விளக்கடிக்கு வரும் கபில நிற அந்துக்களில் மிகப் பெரும்பாலானவை நம் பயிருக்கு எந்தத் தீங்கும் செய்யாதவை. இலங்கையில் வண்ணத்துப்பூச்சி வகைகள் சுமார் 250 உள்ளன. அந்துப்பூச்சி வகைகளோ அதைவிடப் பல மடங்கு. இவற்றுள் விவசாயி கவனிக்க வேண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. ஆகவே எல்லாவற்றின் பெயரையும் நாம் மனனம் செய்யத் தேவையில்லை. நம் பயிரின் சில எதிரிகளை மட்டும் நிச்சயமாகத் தெரிந்துகொண்டால் போதும்.

அந்தா, வண்ணத்துப்பூச்சியா?

இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. சிறகைத் தொட்டால் விரலில் மாப்போல ஒட்டுவது நுண்ணிய செதில்கள். இரண்டுமே முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுள்ள பூச்சி என நான்கு பருவங்களைக் கடந்து வளர்கின்றன. பயிரைத் தின்பது புழுப்பருவமே. சிறகு முளைத்த பின் தேனையோ நீரையோ உறிஞ்சும். சில எதையுமே உண்பதில்லை.

வேறுபாடு காண, முதலில் தலையிலுள்ள உணர்கொம்புகளைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நூல்போல நீண்டு, நுனியில் தீக்குச்சித் தலைபோல் தடித்திருக்கும். அந்துவின் உணர்கொம்பு நுனிவரை மெலிந்து செல்லும். அல்லது இறகுபோல இருக்கும். அடுத்ததாக உட்காரும் விதத்தைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் சிறகுகளை மேலே நிமிர்த்திச் சேர்த்துக்கொள்ளும். அந்து பெரும்பாலும் தட்டையாக விரித்தோ கூரைபோல் மடித்தோ இருக்கும். பகலில் பறப்பது வண்ணத்துப்பூச்சி, இரவில் பறப்பது அந்து என்பது பொதுவாகச் சரி. ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பகலில் பறக்கும் அந்துகளும் உண்டு. மங்கல் வேளையில் விளக்குக்கு வரும் வண்ணத்துப்பூச்சி ஒன்றும் நம் வயல்களில் உண்டு. அதைப் பின்னர் காண்போம்.

படம் எடுக்கும் முறை

1. நேரம்: விடியற்காலைக் குளிரில் பூச்சிகள் அசையாமல் இருக்கும். வெயில் ஏறிய பின் அவற்றைத் துரத்திப் படம் எடுப்பது கடினம்.

2. வெளிச்சம்: சூரியன் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கட்டும். இரவில் கமெராவின் வெளிச்சத்தை நேரே அடித்தால் சிறகின் கோலங்கள் மறைந்துவிடும். ரோச் லைட்டைப் பக்கவாட்டில் ஒருவர் பிடிக்க, மற்றவர் எடுக்கலாம்.

3. தூரம்: ஒரு சாண் தூரத்தில் நின்று, திரையில் பூச்சியைத் தொட்டுத் தெளிவான பின் எடுங்கள். மிக நெருங்கினால் படம் மங்கும். தூர நின்று பெரிதாக்கினாலும் மங்கும்.

4. அளவு: பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு நெல்மணியையோ அடிமட்டத்தையோ வையுங்கள். அளவு தெரியாத படத்தில் அரை அங்குலப் பூச்சியும் இரண்டு அங்குலப் பூச்சியும் ஒன்றுபோலவே இருக்கும்.

5. பக்கங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, தலையும் உணர்கொம்பும் தெரிய ஒன்று. வண்ணத்துப்பூச்சியானால் சிறகின் அடிப்பக்கமும் வேண்டும்.

6. பயிர்: சிறகுள்ள பூச்சியோடு நின்றுவிடாதீர்கள். புழு, முட்டைக் குவியல், சேதமடைந்த இலை, முழுச் செடி, வயலின் தோற்றம் ஆகியவற்றையும் எடுங்கள்.

7. குறிப்பு: திகதி, இடம், பயிரின் பெயர், விதைத்து எத்தனை நாள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

இவற்றுள் ஆறாவதே மிக முக்கியம். கமெரா எட்டாத காலத்திலேயே நம் நாட்டுச் சித்திரக் கலைஞர்கள் இதை அறிந்திருந்தார்கள். பிரெடரிக் மூர் எழுதிய இலங்கையின் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி பற்றிய மூன்று பெரிய தொகுதிகள் 1880 முதல் 1887 வரை லண்டனில் வெளிவந்தன. அவற்றுக்கான சித்திரங்களை வரைந்தவர்கள் பேராதனைத் தாவரவியல் பூங்காவோடு தொடர்புடைய டி அல்விஸ் குடும்பத்துச் சகோதரர்கள். பூச்சியை மட்டுமன்றி அதன் புழுவையும், கூட்டையும், அது உண்ணும் செடியையும் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். ஒரு பூச்சியின் அடையாளம் அதன் சிறகில் மட்டும் இல்லை. அது எதை உண்டு வளர்ந்தது என்பதிலும் உள்ளது.

நம் வயலில் அடையாளம் காண வேண்டியவை

சேனா படைப்புழு: இதைச் சிறகுள்ள பூச்சியில் அன்றிப் புழுவில் அடையாளம் காண்பதே எளிது. புழுவின் தலையில், தலைகீழாக எழுதிய ஆங்கில 'வை' எழுத்துப்போன்ற வெளிர்நிறக் கோடு இருக்கும். வாற்பக்கத்தில், கடைசிக்கு முந்திய வளையத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இவ்விரண்டும் தெளிவாகத் தெரிந்தால் சேனா என்பது ஏறக்குறைய உறுதி. சோளத்தின் குருத்துக்குள் மரத்தூள் போன்ற ஈரமான எச்சம் கிடப்பதும் அடையாளம். முட்டைகள் நூறு, இருநூறாகக் குவியலாக இருக்கும். மேலே சாம்பல் நிறப் பஞ்சுபோன்ற செதில்கள் மூடியிருக்கும். சிறகுள்ள பூச்சிகளில் ஆணின் முன்சிறகு நுனியில் வெள்ளைத் திட்டு ஒன்று உண்டு. பெண்ணோ வெறும் சாம்பல்கபில நிறம். மற்ற அந்துகளோடு எளிதில் குழம்பிவிடும்.

நெல்லின் மஞ்சள் தண்டு துளைப்பான்: பெண் அந்து வைக்கோல் மஞ்சள் நிறம், ஒவ்வொரு முன்சிறகிலும் நடுவே ஒரேயொரு கரும்புள்ளி இருக்கும். நெல்வயலில் இந்த ஒற்றைப் புள்ளியைக் கண்டால் தயங்க வேண்டியதில்லை. ஆண் சிறியது, மங்கிய நிறமுடையது, புள்ளி தெளிவில்லாதது. முட்டைக் குவியல் இலை நுனிப் பக்கத்தில் கபில நிற மயிரால் மூடப்பட்டிருக்கும். புழு தண்டுக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. இளம்பயிரில் குருத்து வாடி, இழுத்தால் கையோடு வந்துவிடும். கதிர் தள்ளிய பின்னரானால் வெண்கதிர் தோன்றும்.

இலைசுருட்டிப் புழு: இதன் அந்து சிறியது, பொன்மஞ்சள் நிறம். சிறகின் ஓரத்தில் கரும்பட்டையும், குறுக்கே கருநிற வளைகோடுகளும் இருக்கும். வரம்பில் நடக்கையில் காலடியிலிருந்து எழுந்து சற்றுத் தூரத்தில் மீண்டும் அமரும். புழு நெல்லிலையை நீளவாக்கில் மடித்து உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும். இலையில் வெள்ளைக் கோடுகள் விழும்.

கொம்புத்தலைப் பச்சைப் புழு: நெல்லிலையில் இருக்கும் இந்தப் புழுவின் தலையில் இரண்டு கொம்புகள் உண்டு, வால் இரண்டாகப் பிரிந்திருக்கும். பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். ஆனால் இது குறிப்பிடத்தக்க சேதம் செய்வது அரிது. இதுவே மேலே சொன்ன, மங்கலில் பறந்து விளக்குக்கு வரும் வண்ணத்துப்பூச்சியாக மாறுகிறது. சிறகை மூடி உட்கார்ந்தால் காய்ந்த சருகு என்றே நினைப்பீர்கள். உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி என்பது தெரியும்.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி: கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள் நிறைந்தது. தேசி, கறிவேப்பிலைச் செடிகளில் முட்டையிடும். இளம்புழு பறவை எச்சம் போலவே இருக்கும். வளர்ந்தால் பச்சை நிறமாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கொம்பை நீட்டி மணம் வீசும். கன்றுச் செடியானால் புழுக்களைக் கையால் பொறுக்கினால் போதும். வளர்ந்த மரத்துக்கு எதுவுமே செய்ய வேண்டியதில்லை.

கூட்டமாகப் பறக்கும் வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்: சில மாதங்களில் இவை நூற்றுக்கணக்கில் ஒரே திசையில் பறந்து செல்லும். பாவா ஆதம் மலைக்குப் போகின்றன என்று மக்கள் சொல்வதுண்டு. சிங்களத்தில் அம்மலையின் பெயரிலேயே வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. இவற்றின் புழுக்கள் கொன்றை இனச் செடிகளை உண்பவை. நெல்லுக்கும் சோளத்துக்கும் இவற்றால் ஆபத்தில்லை.

படம் ஏமாற்றும் இடங்கள்

முதலாவது, ஆணும் பெண்ணும் வேறாகத் தோன்றலாம். சேனாவிலும் தண்டு துளைப்பானிலும் இதைக் கண்டோம்.

இரண்டாவது, பருவம் மாறினால் கோலமும் மாறலாம். மங்கலில் பறக்கும் அந்த வண்ணத்துப்பூச்சி மழைக்காலத்தில் சிறகின் அடியில் தெளிவான கண்போன்ற வளையங்களோடு பிறக்கும். வரட்சிக் காலத்தில் பிறப்பவற்றில் அவ்வளையங்கள் மங்கியோ இல்லாமலோ இருக்கும். மாரியில் எடுத்த படத்தையும் கோடையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வகை என்றே சொல்வீர்கள்.

மூன்றாவது, வயதான பூச்சியின் செதில்கள் உதிர்ந்துவிடும். கையால் பிடித்தாலும் உதிரும். எனவே படம் எடுத்த பின்னரே தொடுங்கள்.

நான்காவது, வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத் தெளிவு குறைகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

ஐந்தாவது, படத்தைப் பார்த்துத் தானாகப் பெயர் சொல்லும் கைத்தொலைபேசிச் செயலிகள் இன்று உள்ளன. அவை பயனுள்ளவைதாம். ஆனால் அவை சொல்வது ஓர் ஊகமே. தம்மிடமுள்ள படங்களில் எது கூடுதலாக ஒத்திருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லும். நம் நாட்டிலேயே இல்லாத பூச்சியின் பெயரையும் சில வேளை தரும். எனவே மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தப் பூச்சி இலங்கையில் உண்டா? இதன் புழு இந்தப் பயிரை உண்ணுமா? சேதம் அதற்குப் பொருந்துகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் பெயரை ஏற்கலாம்.

சில அந்து வகைகளைப் படத்தால் பிரித்தறியவே முடியாது. ஆய்வாளர்களும் உடலை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் "தெரியாது" என்று சொல்வதே நேர்மையான விடை. பிழையான பெயரைவிட அது விவசாயிக்கு நல்லது.

பெயர் தெரிந்த பின் என்ன செய்வது?

பெயர் தெரிந்தவுடன் மருந்து என்பதில்லை. முதலில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுங்கள். வயலின் ஐந்து இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் இருபது செடிகளைப் பாருங்கள். நூறு செடிகளில் எத்தனை தாக்கப்பட்டுள்ளன என்று எழுதுங்கள். படத்தோடு இந்த எண்ணிக்கையும் போனால்தான் ஆலோசனை சொல்பவருக்கு வயல் கண்முன் தெரியும்.

இளம் நெற்பயிர் சில இலைகளை இழந்தாலும், சில குருத்துகள் வாடினாலும் புதிதாகத் தளிர்த்து ஈடுசெய்துவிடும். வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் 1990களில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விவசாயிகளோடு சேர்ந்து இதைச் சோதித்தார்கள். விதைத்த முதல் 40 நாட்களில் இலை தின்னும் புழுக்களுக்கு மருந்து அடிக்காமல் விட்ட இடங்களில் விளைச்சல் குறையவில்லை. அடித்த மருந்தோ சிலந்திகளையும் மற்றக் காவல் உயிர்களையும் கொன்று, பின்னர் கபிலநிறத் தத்தி பெருக வழிசெய்யக்கூடியது.

வெண்கதிரைக் கண்ட பின் அடிக்கும் மருந்து அந்தக் கதிரைத் திருப்பித் தராது. சேனாவைப் பொறுத்தவரை காலந்தாழ்த்துவது ஆபத்து. முட்டைகள் இரண்டு, மூன்று நாட்களில் பொரித்துவிடும். புழு வளர்ந்து குருத்துக்குள் இறங்கிய பின் மருந்து அதனைச் சென்றடைவது கடினம். எனவே சோளம் முளைத்த நாள் முதல் வாரம் இரண்டு தடவை இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முட்டைக் குவியலைக் கண்டால் கையால் நசுக்கிவிடுங்கள். இதற்குச் செலவில்லை.

எண்ணிக்கை கூடினால் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் படங்களைக் காட்டுங்கள். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மருந்துக் கடையில் கேட்பதானாலும் படத்தோடும் பெயரோடும் போங்கள். "புழுவுக்கு ஒரு மருந்து தாங்க" என்று கேட்பவருக்கும் "இலைசுருட்டிக்கு இப்போது மருந்து தேவையா?" என்று கேட்பவருக்கும் கிடைக்கும் விடை ஒன்றல்ல. மருந்து வாங்க நேர்ந்தால், நெருக்கமான தற்காலிக வீடுகளில் அதைப் பிள்ளைகளின் கைக்கெட்டாதபடி பூட்டி வைக்க மறவாதீர்கள். வாங்காத மருந்துப் போத்தல் யாருக்கும் தீங்கு செய்யாது.

குடும்பத்தில் எல்லோருக்கும் வேலையுண்டு

படம் எடுப்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். அவர்களின் கண்ணும் கையும் கூர்மையானவை. எடுத்த படத்தை மூத்தம்மாவிடமும் அப்பாவிடமும் காட்டச் சொல்லுங்கள். பழைய வயலில் அந்தப் பூச்சியை என்ன பெயரால் அழைத்தார்கள், எந்த மாதத்தில் வந்தது, என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதட்டும். இடம்பெயர்ந்து வரும்போது வயலைத் தூக்கிவர முடியவில்லை. ஆனால் வயலைப் பற்றிய அறிவு மூத்தவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. அது அவர்களோடு மறைந்துபோக முன் படத்தோடு சேர்த்துப் பதிந்து வைப்பது நம் கடமை. ஒரு போகம் முழுவதும் இப்படிச் சேர்த்தால் உங்கள் வட்டைக்கு ஏற்ற பூச்சிப் புத்தகம் ஒன்று உங்களிடமே இருக்கும்.

அட்டாளை என்பது சேனையில் விளைச்சலைக் காக்கக் கட்டிய காவற்பரண். ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. பரணில் இருந்தவர் இருட்டில் அசைவதையெல்லாம் அடிக்கவில்லை. பன்றியா, பக்கத்து வயல்காரரா என்று பார்த்த பின்னரே சத்தமிட்டார். நாமும் அதையே செய்வோம். முதலில் பார்ப்போம், பிறகு பெயரை அறிவோம், அதன் பிறகே மருந்தைப் பற்றி யோசிப்போம்.

கலந்துரையாடலுக்கு

1. சென்ற போகத்தில் நீங்கள் அடித்த மருந்து எந்தப் பூச்சிக்காக? அதன் பெயர் அப்போது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

2. உங்கள் கமக்காரர் அமைப்பிலோ மாதர் சங்கத்திலோ பூச்சிப் படங்களைச் சேர்த்து வைக்க யார் பொறுப்பேற்கலாம்?

3. உங்கள் பழைய ஊரில் வழங்கிய பூச்சிப் பெயர்களில் எத்தனை இன்றும் உங்கள் நினைவில் உள்ளன?